தோட்டத்துச் சுவரில் பிள்ளைகளின் ஓவியம்: அனுமதிக் கடிதம் முதல் மிச்சப் பெயின்ட் வரை

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பொதுச் சுவரில் ஓவியம் தீட்ட நினைக்கும் ஆசிரியர்கள், சனசமூக நிலைய இளைஞர்கள், பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. வேலையின் ஒழுங்கு தெரிந்திருந்தால் போதும்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். முதலில் பெயின்ட் வாங்கிவிடுகிறார்கள்; என்ன வரைவது என்று அதன்பிறகே யோசிக்கிறார்கள். வாளியைத் திறந்ததும் பிள்ளைகள் முண்டியடிக்கிறார்கள். கொஞ்சம் வரையத் தெரிந்த பெரியவர் ஒருவர் தூரிகையை வாங்கித் தானே கோடு போடுகிறார். அந்தக் கோட்டுக்குள் நிறம் நிரப்பும் கைகளாகவே பிள்ளைகள் மிஞ்சுகிறார்கள். படம் அழகாக இருக்கலாம். ஆனால் அது அவர்களுடைய படம் அல்ல.

ஆகவே சுவரைத் தொடுவது கடைசியில்தான். கீழே சொல்லும் வேலைகளுக்கு வாரத்துக்கு ஒரு சந்திப்பு என்று வைத்தால் ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அதில் பெயின்ட் பூசுவது கடைசி இரண்டு மூன்று நாட்கள் மட்டுமே.

1. சுவரைத் தேடுங்கள்

நல்ல சுவர் என்பது பிள்ளைகள் தினமும் கடந்துபோகும் சுவர். பாடசாலை மதில், வாசிகசாலைச் சுவர், பிள்ளைக் காம்பராவின் (பிள்ளை பராமரிப்பு நிலையத்தின்) பக்கச் சுவர், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்புறம் எல்லாம் பொருந்தும். பிரதான வீதியை ஒட்டிய சுவரைத் தவிர்த்துவிடுங்கள். மலைப்பாதை வளைவில் பஸ் திரும்பும்போது பின்வாங்க இடமில்லை. படம் வரையும் பிள்ளைக்குப் பின்பக்கம் கண் இல்லை.

முதல் முயற்சிக்கு 20 அடி நீளம், 6 அடி உயரம் போதும். அதற்கு மேல் உயரமானால் ஏணி தேவைப்படும். பிள்ளைகளை ஏணியில் ஏற்றவே கூடாது.

சுவரின் மேலே, கூரை விளிம்பில், பக்கத்து மரங்களில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தில் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் சுவரை மட்டும் பார்த்துவிட்டு அண்ணாந்து பார்க்க மறந்துவிடுகிறார்கள். கூடு இருந்தால் வேறு சுவர் தேடுங்கள்.

மண்ணைத் தாங்கி நிற்கும் அணைச்சுவரில் வரைய வேண்டி வந்தால் இரண்டு விடயங்கள். புதிய வெடிப்போ முன்பக்கச் சாய்வோ இருந்தால் அதன் அருகில் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள்; அதைத் தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். உறுதியான சுவராக இருந்தாலும் நீர் வடியும் துளைகளைப் படத்துக்காக அடைத்துவிடாதீர்கள். உள்ளே தேங்கும் நீர்தான் சுவரைத் தள்ளும். ஒரு தோட்டத்தில் பிள்ளைகள் அந்தத் துளைகளையே மீன்களின் வாயாக்கினார்கள். மழை பெய்தால் மீன்கள் தண்ணீர் துப்பின.

2. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

தோட்டத்துக் கட்டடமென்றால் முகாமையாளரின் அனுமதி வேண்டும். பாடசாலை மதில் என்றால் அதிபர். வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தெரிவிப்பதை அவரே பார்த்துக்கொள்வார். கோயில் மதிலுக்கு ஆலய பரிபாலன சபை. பொதுச் சந்தை, பஸ் தரிப்பிடம் போன்றவற்றுக்குப் பிரதேச சபை. லயத்துச் சுவர் (தொழிலாளர் வரிசை வீட்டுச் சுவர்) என்றால், நிர்வாகம் சரி என்றாலும், அந்தக் காம்பராவில் குடியிருக்கும் குடும்பம் சரி என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் அந்தப் படத்தின் முகத்தில் விழிப்பது அவர்கள்தான்.

கடிதத்தில் சுவர் எது, அளவென்ன, எந்தெந்த நாட்கள், எத்தனை பிள்ளைகள், பொறுப்பான பெரியவர்கள் யார், ஓவியம் எவ்வளவு காலம் இருக்கும் என்று எழுதுங்கள். கடைசி வரி முக்கியம். முகாமையாளர் மாறினால் அடுத்தவர் வந்து வெள்ளையடித்துவிடலாம். கடிதத்தின் பிரதி இருந்தால் கேட்கவாவது முடியும்.

வாய்ச்சொல் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. தோட்டத்தில் வாய்ச்சொல் சொன்னவர் மறுநாள் விடுமுறையில் போயிருப்பார். காவலுக்கு நிற்பவர் பிள்ளைகளைத் துரத்துவார். அந்த அவமானம் பிள்ளைகள் மனதில் நீண்டகாலம் இருக்கும்.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், தலைவியரையும் இந்தக் கட்டத்திலேயே சந்தியுங்கள். அனுமதிக்காக அல்ல, தகவலுக்காக.

3. மழையைக் கேட்டு நாள் குறியுங்கள்

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை உள்ள காலமே சுவருக்கு ஏற்றது. பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் இது தலைகீழ்: ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று, ஆண்டின் கடைசியில் அடைமழை. ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகள் கிடைப்பார்கள் என்று ஹட்டனில் திட்டம் போடுகிறவர்கள் பாதிப் படத்தோடு மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட மார்ச் பிற்பகுதி, ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம். அந்த மாதங்களில் காலை வேலை மட்டும் வையுங்கள்.

கொழுந்து நிறைந்து வரும் ஏப்ரல், மே மாதங்களில் தாய்மாருக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு கிடைப்பது நிச்சயமில்லை. அவர்கள் வந்து பார்க்க முடியாத நாளில் ஊர் ஓவியம் வரைவதில் பொருளில்லை.

4. முதலில் பார்க்கப் பழக்குங்கள்

இங்கே பெயின்ட் இல்லை, பென்சிலும் இல்லை. ஒரு மணி நேரச் சந்திப்புகள் இரண்டு போதும். உலகத்தில் தெருச்சுவர்களில் வரைந்தவர்களின் படங்களை ஏ3 தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். தொலைபேசித் திரையில் இருபது பேர் ஒன்றாகப் பார்க்க முடியாது.

ஒவ்வொரு படத்துக்கும் மூன்றே கேள்விகள்: இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? விடை சரியா பிழையா என்று சொல்லாதீர்கள். பிள்ளை சொன்னதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொன்னால் போதும். பரீட்சைக்கு விடை சொல்லிப் பழகிய பிள்ளைகள் முதல் பத்து நிமிடம் மௌனமாக இருப்பார்கள். காத்திருங்கள். காத்திருக்க முடியாமல் ஆசிரியர் தானே விளக்கத் தொடங்குவதே இந்தக் கட்டத்தின் பொதுவான தவறு.

எந்தப் படங்கள் என்று கேட்டால், மூன்று சொல்வேன். பிரெஞ்சுக் கலைஞர் ஜேஆர் 2009இல் கென்யாவின் கிபேரா குடியிருப்பில், அங்கு வாழும் பெண்களின் கண்களையும் முகங்களையும் பெரிதாக அச்சிட்டுத் தகரக் கூரைகள்மேல் விரித்தார். நீர் புகாத தாளில் அச்சிட்டதால் அவை மழைக்கும் காப்பாக இருந்தன. லயத்துத் தகரத்தின் கீழ் மழைச் சத்தம் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் லயத்துக் கூரைமேல் யாருடைய கண் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அந்த உரையாடல் நீளட்டும், நேரம் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, அமெரிக்கக் கலைஞர் கீத் ஹேரிங் 1986இல் நியூயோர்க்கில் பந்தாட்டச் சுவர் ஒன்றில் போதைப்பொருளுக்கு எதிராக வரைந்தது. தடித்த கோடு, தட்டையான நிறம், ஓடும் மனிதர்கள். எட்டு வயதுப் பிள்ளையும், ‘நானும் இப்படி வரைவேன்’ என்று சொல்லும். அந்தத் துணிவுதான் நமக்கு வேண்டும். அவர் அதை அனுமதியில்லாமல் வரைந்து அபராதம் கட்டியவர். பெரிய பிள்ளைகள் இதைக் கேட்டதும், அனுமதி இல்லாமல் வரைவதுதானே தெருக்கலை என்று கேட்பார்கள். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்: அந்தக் கலையில் அப்படியும் ஒரு வழி இருக்கிறது, ஆனால் தோட்டத்தில் ஒரு சுவரைக் கீறினால் விசாரணை வருவது பிள்ளைக்கு அல்ல, தாய் தகப்பனின் வேலைக்கு. அவர்களுக்கு இது புரியும்.

மூன்றாவதாக உள்ளூர்ச் சுவர்கள். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு நாடெங்கும் இளைஞர்கள் பொதுச் சுவர்களில் வரைந்தார்கள். உங்கள் டவுனில் அப்படி ஒன்று மிஞ்சியிருந்தால் அழைத்துப்போய்க் காட்டுங்கள். எது உரிந்தது, எந்த நிறம் வெளுத்தது, எது இன்னும் நிற்கிறது என்று பிள்ளைகளே குறித்துக்கொள்ளட்டும்.

5. தோட்டத்தைச் சுற்றி நடந்து வடிவங்கள் சேருங்கள்

எங்கள் ஊரை வரையுங்கள் என்று தாளைக் கொடுத்தால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை. நுவரெலியாவில் தென்னை எங்கே? பிள்ளைகள் பார்த்ததை வரையவில்லை, பாடப்புத்தகத்தில் பழகியதை வரைகிறார்கள். திட்டிப் பயனில்லை. கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும்.

ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். குழுவுக்கு ஒரு பெரியவர். ஒவ்வொரு குழுவுக்கும் மெல்லிய தாள், பெஸ்டல், ஒரு அட்டை. தாளைப் பொருளின்மேல் வைத்து பெஸ்டலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அதன் மேடுபள்ளம் தாளில் பதியும். லயத்து இலக்கத் தகடு, நெளிதகரம், கதவுத் தாழ்ப்பாள், சவுக்கு மரப்பட்டை, தேயிலை இலையின் நரம்பு. வரையத் தெரியாது என்று ஒதுங்கும் பிள்ளையும் இதைச் செய்யும்; ஒதுங்கும் பிள்ளைகளுக்காகவே இதை முதலில் வைக்கிறேன்.

அடுத்த நடையில் கோட்டோவியம். வீட்டிலும் கோயிலிலும் இருக்கும் கருவிகளைப் பார்த்து வரையட்டும்: கொழுந்துக் கூடை, பறிக்கும் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு, செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி, இடுப்பில் கட்டும் படங்கு, கோயிலில் தொங்கும் தப்பு என்ற பறை. பொருளை மேசையில் வைத்தால் ஒரு படம். அம்மா அதை அணிந்து நிற்கும்போது வரைந்தால் வேறு படம். இரண்டும் வேண்டும்.

மூன்றாவது வேலை கேட்டு வருவது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், இந்தத் தோட்டத்தில் இப்போது இல்லாமற்போன ஒன்று எது என்று கேட்டு வர வேண்டும். ஒரு மரம், ஒரு பீலி (ஊற்றுநீர் விழும் குழாய்), ஒரு கடை, ஒரு பாட்டு. பொருத்தமானவற்றைக் காமன் கூத்து (காமன், ரதி கதையை ஆடும் கூத்து) நடந்த இடங்களில் தேடினால் நிறையக் கிடைக்கும். இந்த விடைகள்தான் பிறகு படத்துக்கு உயிர் தரும்.

அட்டை கடிக்கும் காலமென்றால் கால்மேசுக்குச் சவர்க்காரம் தடவி விடுங்கள்.

6. முப்பது படங்களை ஒரே படமாக்குங்கள்

இதுதான் கடினமான கட்டம். இங்கே அவசரப்பட்டால் முன் செய்தது எல்லாம் வீண்.

தவறான வழிகள் இரண்டு. ஒன்று, போட்டி வைத்துச் சிறந்த படத்தைத் தெரிவது. ஒருவர் வெல்கிறார், இருபத்தொன்பது பேர் அவருடைய படத்துக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். மற்றது, சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பது. யாருக்கும் மனவருத்தமில்லை, ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நான் கையாளும் முறை கத்தரிப்பது. சேர்த்த ஓவியங்களை எல்லாம் போட்டோப்பிரதி எடுங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்திலிருந்து தனக்குப் பிடித்த ஒரு வடிவத்தை மட்டும் வெட்டி எடுக்கும். பிறகு தரையில் பெரிய தாள் விரித்து, வெட்டிய துண்டுகளை எல்லோருமாக நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார்கள். இப்போது பசை இல்லை. பசை இருந்தால் முதலில் வைத்தவர் வென்றுவிடுவார்.

நகர்த்தும்போது மூன்று விதிகள் போதும். ஒரு பெரிய வடிவம் இருக்க வேண்டும், அது வீதியிலிருந்து தெரிய வேண்டும். எல்லோருடைய துண்டும் எங்காவது வர வேண்டும். சிறிதாக, திரும்பத் திரும்ப, ஒன்றுக்குள் ஒன்றாக வரலாம். வெற்றிடமும் வேண்டும். மூன்றாவதுதான் பிள்ளைகளுக்குக் கடினம்.

கூடைக்குள் லயம் வந்து உட்காரும். மட்டக்கம்பு ரயில் பாதையாகும். தப்பின் வட்டம் சூரியனாகும். இப்படி ஒரு பொருள் இன்னொன்றாக மாறுவதைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். சமகாலக் கலையில் கற்பிக்க வேண்டியது எதுவோ அது அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

அளவு பிழை என்றும், மனிதனைவிடப் பூ பெரிதாக இருக்கிறது என்றும் திருத்தும் பெரியவரை அன்போடு தேநீர் போட அனுப்புங்கள். பூ பெரிதாக இருப்பதற்குப் பிள்ளையிடம் காரணம் இருக்கும்.

முடிவானதும் ஒட்டி, மேலே மெல்லிய தாள் வைத்துத் தடித்த கறுப்புக் கோட்டில் படியெடுங்கள். 20க்கு 6 அடிச் சுவருக்கு 40க்கு 12 சென்டிமீற்றர் மாதிரிப் படம் சரியாக இருக்கும். அதில் 2 சென்டிமீற்றருக்கு ஒரு கோடு போட்டால் 120 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் சுவரில் ஓர் அடி.

7. ஊருக்குக் காட்டுங்கள்

மாதிரிப் படத்தைப் பெரிதாக்கி, சம்பள நாளன்றோ கோயிலில் கூடும் நாளிலோ காட்டுங்கள். பிள்ளைகளே விளக்க வேண்டும். இதை விட்டுவிட்டுச் சுவரில் முடித்துக் காட்டினால், ஒருவருக்குப் பிடிக்காத ஒரு சிறு பகுதியால் முழுப் படமும் அழியக்கூடும்.

சின்னங்கள் பற்றிக் கவனம். பிள்ளை தன் வீட்டுச் சேவலை ஆசையாக வரைந்திருக்கும். சேவல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சின்னம். யானை ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னம். பெரியவர்கள் கண்ணுக்கு அது கட்சிப் படமாகிவிடும். சேவலை நீக்கும்படி பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வராது. தனியாக, பெரிதாக, நடுவில் நிறுத்தாமல், கோழி, குஞ்சு, நாய், மாடு என்ற கூட்டத்தில் சேர்த்துவிட்டால் அது வீட்டுச் சேவலாகவே இருக்கும். தேர்தல் அறிவித்த காலத்தில் சுவர் வேலையே வேண்டாம்.

நிறத்துக்கும் அதே கவனம். முழுச் சுவரையும் ஒரே பச்சையிலோ நீலத்திலோ சிவப்பிலோ பூசினால் யாராவது ஒரு கட்சியைக் காண்பார்கள்.

சொற்கள் எழுதுவதாக இருந்தால் தமிழோடு சிங்களமும் வரட்டும். எழுத்துப்பிழையை அந்த மொழி தெரிந்த இருவரிடம் காட்டித் திருத்துங்கள்.

8. சுவரைத் தயார்செய்யுங்கள்

இது பெரியவர்களின் வேலை. பெயின்ட் உரிவதற்குப் பெயின்டைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் அடியில் இருக்கிறது.

உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் அது சுண்ணாம்பு பூசிய சுவர். அதன்மேல் எமல்ஷன் பூசினால் சுண்ணாம்போடு சேர்ந்து ஏடு ஏடாகக் கழன்றுவிடும். கம்பித் தூரிகையால் சுரண்டி, கழுவி, காயவிட்டு, வெளிச்சுவருக்கான பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு பூச்சுக் கொடுங்கள்.

ஈரம் பார்க்க, ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கத்தில் நீர்த்துளி நின்றால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. பின்னால் மண் இருக்கும் சுவர்களில் இது சகஜம். காயும் வரை பொறுங்கள், அல்லது வேறு சுவருக்குப் போங்கள்.

பாசி, பூஞ்சை இருந்தால் ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசி, கால்மணி நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். கையுறை கட்டாயம், பிளீச்சோடு வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தையும் கலக்கக் கூடாது, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. பாசியின் மேலேயே பூசினால் அடுத்த மழையில் அது மேலே வந்துவிடும்.

புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் நான்கு வாரம் விடுங்கள். புதுச் சீமெந்தின் காரம் நிறத்தை வெளுக்கச் செய்யும்.

பழைய பங்களா, தொழிற்சாலை, பழைய கதவுகளில் இருக்கும் எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் காய்ந்த நிலையில் உரசித் தூளாக்காதீர்கள். சந்தேகமென்றால் அந்தச் சுவரையே விடுங்கள்.

கடைசியாக வெள்ளை எமல்ஷன் இரண்டு பூச்சு. மஞ்சளும் சிவப்பும் அடியில் இருப்பதை மறைக்கும் வலு குறைந்தவை. வெள்ளை அடி இல்லாவிட்டால் மங்கித் தெரியும்.

9. பெயின்டும் பொருளும் வாங்குங்கள்

வெளிச்சுவருக்கான, தண்ணீரில் கரையும் எமல்ஷன் மட்டுமே. எனாமல் வேண்டாம், அதைக் கழுவ டர்பன்டைன் வேண்டும், மணம் தலைவலி தரும். ஸ்பிரே டின் தெருக்கலையின் அடையாளம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதன் நுண்துளிகள் மூச்சில் போகும். மலைக்காற்றில் கண்ணில் படும். அதே தோற்றத்தை ஸ்பொஞ்சால் கொண்டுவரலாம், 12ஆம் படியில் சொல்கிறேன்.

சொரசொரப்பான சுவரில் ஒரு லீற்றர் ஏறக்குறைய 80 முதல் 100 சதுர அடிக்கு ஒரு பூச்சு வரும். நம்முடைய 120 சதுர அடிக்கு வெள்ளை 4 லீற்றர் வாளி ஒன்று, சிவப்பு, மஞ்சள், நீலம் தலா ஒரு லீற்றர், கறுப்பு ஒரு சிறு டின். பிரைமர் இரண்டு லீற்றர். கடையில் கலந்த இளநிறங்களை வாங்காதீர்கள். அடர்நிறத்தை வெள்ளை கலந்து இளநிறமாக்கலாம். இளநிறத்தை அடர்நிறமாக்க முடியாது.

மற்றவை: 1, 2 அங்குலத் தூரிகைகள், கோடு போடச் சிறு தூரிகைகள், ஒரு ரோலர், மூடியுள்ள ஜாம் போத்தல்கள், வெறும் யோகட் கோப்பைகள், பழைய துணி, உரச்சாக்கு விரிப்பு, தகப்பன்மாரின் பழைய சட்டைகள்.

10. கட்டம் போட்டுக் கோட்டை ஏற்றுங்கள்

மலைநாட்டில் தரை சமனாக இருப்பதில்லை. தரையிலிருந்து அளந்து கட்டம் போட்டால் படம் சரிவோடு சரிந்துபோகும். மேசன்மார் செய்வதுபோல், தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயால் இரு முனையிலும் மட்டம் குறித்து, அந்தக் கோட்டிலிருந்து மேலும் கீழும் அளவுங்கள். நிலைக்குத்துக் கோட்டுக்குத் தூக்குக்குண்டு.

வெண்கட்டி தடவிய நூலை இழுத்துச் சுண்டினால் நேர்கோடு விழும். பிள்ளைகளுக்கு இந்தச் சுண்டல் மிகவும் பிடிக்கும். எல்லோருக்கும் ஒரு முறை கொடுங்கள். பிறகு இடமிருந்து வலம் இலக்கம், மேலிருந்து கீழ் எழுத்து. க7 என்றால் சுவரிலும் தாளிலும் ஒரே கட்டம்.

இருவர் இருவராகக் கட்டங்களைப் பிரித்துக் கொடுத்து வெண்கட்டியில் வரையச் செய்யுங்கள். ஒருவர் தாளைப் படிக்கிறார், மற்றவர் வரைகிறார், பிறகு மாறுகிறார்கள். முடிந்ததும் எல்லோரும் வீதிக்குப் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். திருத்தத்துக்கு ஈரத் துணி போதும். பென்சில் வேண்டாம், தூரத்திலிருந்து தெரியாது, மஞ்சளுக்கு அடியில் தெரியும்.

11. பூசுங்கள்

காலை ஒன்பதரைக்கு முன் தொடங்காதீர்கள். மூடுபனி விட்டுப்போன ஈரம் சுவரில் இருக்கும். கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்து ஈரமாக இருந்தால் பொறுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு நிறுத்துங்கள். மாலை மூடுபனிக்கு முன் பூச்சு காய வேண்டும். கீழ்நாட்டில் ஒரு மணி நேரத்தில் காயும் பூச்சுக்கு இங்கே இரண்டு மூன்று மணி நேரமும் ஆகும்.

20 அடிச் சுவரில் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் நிற்க முடியாது. 24 பிள்ளைகள் என்றால் மூன்று குழு: ஒன்று சுவரில், ஒன்று நிறம் கலப்பதில், ஒன்று ஸ்டென்சில் வெட்டுப்படம் தயாரிப்பதில். 40 நிமிடத்துக்கு ஒரு முறை மாறுங்கள். வரிசையில் சும்மா நிற்கும் பிள்ளைதான் அடுத்தவர் சட்டையில் பூசும்.

நிறம் கலக்கும் குழுவிடம் ஒரு கொழுந்தும் ஒரு முற்றிய இலையும் கொடுங்கள். மஞ்சளும் நீலமும் கலந்து இரண்டு பச்சைகளையும் இலையோடு வைத்துப் பொருந்தும் வரை தேட வேண்டும். முற்றிய இலைக்குச் சிவப்பு ஒரு துளி வேண்டும் என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். பொருந்திய நிறத்தைத் தேவையான முழு அளவும் ஒரே தடவையில் கலந்து மூடுங்கள். பாதியில் தீர்ந்தால் அதே பச்சை மறுபடி வராது.

மேலிருந்து கீழ், பெரிய பரப்பு முதலில், சிறியது பிறகு, இளநிறம் முதலில், அடர்நிறம் பிறகு. மேலே வழிவது கீழே பூசும்போது மறையும். கறுப்புக் கோடு எல்லாவற்றுக்கும் கடைசி, மறுநாள். ஹேரிங் 1989இல் சிகாகோவில் ஏறக்குறைய 500 மாணவர்களோடு வரைந்தபோது கோட்டைத் தானே முதலில் போட்டு, உள்ளே நிரப்புவதை அவர்களிடம் விட்டார். வெளியிலிருந்து வரும் கலைஞருக்கு அது பொருந்தும். இங்கே கோடும் பிள்ளைகளுடையது. வெளியே வழிந்த நிறத்தை அந்தக் கடைசிக் கோடு மூடிவிடும் என்று தெரிந்தால் சிறியவர்கள் பயமில்லாமல் பூசுவார்கள்.

தூரிகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெயின்ட் எடுக்கக் கூடாது. இந்த ஒரு விதியைப் பூசத் தொடங்குமுன் எல்லோரும் செய்து காட்ட வேண்டும்.

பெரியவர்கள் தொடலாமா? கைக்கு எட்டாத மேற்பரப்பில், பிள்ளைகள் சொன்ன நிறத்தை, ஆம். பிள்ளை பூசிய இடத்தை மாலையில் ஆளில்லாத நேரத்தில் நேர்த்தியாக்குவது கூடவே கூடாது. மறுநாள் காலையில் அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

தூரிகை கழுவிய தண்ணீரை ஓடையிலோ பீலிக்கரையிலோ ஊற்றாதீர்கள். கீழ் டிவிஷனில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். முதலில் துணியால் நன்றாகத் துடைத்து, பிறகு ஒரே வாளியில் கழுவி, நீர்நிலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் தள்ளி வெட்டிய குழியில் ஊற்றுங்கள்.

12. ஸ்டென்சில்

திரும்பத் திரும்ப வரும் சிறு வடிவங்களுக்கு இதுதான் வழி. வீடுகளில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே தாள் அருமையான அட்டை: நனையாது, வளையும், கழுவலாம். பெயர், இலக்கம் இருந்தால் அந்தப் பகுதியை முதலில் வெட்டி எறியுங்கள்.

வடிவத்தைப் பிள்ளை வரையும். பிளேடால் வெட்டுவது பெரியவர். வட்டத்துக்குள் வட்டம் வந்தால் உள்வட்டம் விழுந்துவிடும். அதைப் பிடித்து நிற்க மெல்லிய பாலங்கள் விட வேண்டும். பிள்ளைகள் இதை விழுந்த பிறகே புரிந்துகொள்வார்கள், ஆகவே காகிதத்தில் ஒரு முறை விழ விடுங்கள்.

ஸ்பொஞ்சைப் பெயின்டில் தொட்டு, பழைய பத்திரிகையில் ஒற்றி, ஏறக்குறைய காய்ந்த ஸ்பொஞ்சால் குத்துங்கள். ஈரம் அதிகமென்றால் விளிம்புக்குக் கீழே பரவும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளும் இதை அழகாகச் செய்வார்கள்.

13. பெயரும் படமும்

ஓரத்தில் எல்லாப் பிள்ளைகளும் கைப்பட முதற்பெயரை மட்டும் எழுதட்டும். உதவியவர்களின் இலச்சினைகளுக்குச் சுவரில் இடம் வேண்டாம். நன்றியைக் கடிதத்தில் தெரிவியுங்கள்.

பிள்ளைகளின் முகம் தெரியும் புகைப்படத்தைப் பெற்றோரின் எழுத்து அனுமதியின்றி எங்கும் பகிராதீர்கள். அனுமதி இருந்தாலும் பெயரையும் தோட்டத்தையும் சேர்த்துப் போடாதீர்கள். உதவிக்கு வரும் பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கும்படி வேலையை ஒழுங்குசெய்யாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தைப் பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவையுங்கள்.

திறப்பு நாளில் மேடை, மாலை, பேச்சு என்று போனால் பிள்ளைகள் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டாரை அழைத்துவந்து தன் துண்டு எங்கே என்று காட்டட்டும். அதுவே விழா.

14. பராமரிப்பு

சுவர் நன்றாகக் காய்ந்தபின், வசதி இருந்தால், தண்ணீரில் கரையும் வெளிப்புற வார்னிஷ் ஒரு பூச்சு. ஈரம் ஊறும் சுவரில் இது வேண்டாம். உள்ளே ஈரம் அடைபட்டு மேலேயுள்ள பூச்சையும் சேர்த்து உரிக்கும்.

மிச்ச நிறங்களைச் சிறு போத்தல்களில் நிரப்பி, எந்தக் கட்டத்துக்கு உரியது என்று எழுதி, வாசிகசாலை அலுமாரியில் வையுங்கள். மூடிக்கு அடியில் பொலித்தீன் வைத்து இறுக்கினால் ஓர் ஆண்டுக்கு மேலும் இருக்கும். மாதிரிப் படத்தையும் அனுமதிக் கடிதத்தையும் அதே இடத்தில் வையுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை மழை முடிந்ததும் மென்மையான தும்புத் தூரிகையால் கழுவி, உரிந்த இடங்களைத் தொட்டுவிடுங்கள். சுவரில் யாராவது சுவரொட்டி ஒட்டினால் காய்வதற்கு முன் நனைத்து எடுங்கள். காய்ந்த பிறகு பிய்த்தால் படமும் வரும். வெயில் படும் பக்கமென்றால் மூன்று நான்கு ஆண்டுகளில் சிவப்பு முதலில் வெளுக்கும். அப்போது பழையதைப் புதுப்பிப்பதா, வெள்ளையடித்துப் புதிதாக வரைவதா என்பதை அந்த நேரத்தில் தோட்டத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். புதிதாக வரையலாம் என்றால் வாளியைத் தேடாமல் ஐந்தாம் படியிலிருந்து தொடங்குங்கள். முதல் ஓவியத்தில் பூசிய பிள்ளைகள் இப்போது குழுவுக்குப் பொறுப்பான அக்கா, அண்ணாவாக நிற்கும் வயதில் இருப்பார்கள்.